ஓசூரிலிருந்து சவரி

மத்தியானம் ரெண்டு மணி. மாரண்டஹள்ளி ஸ்டேஷன் ரோடு. ஆள் இல்லை, நாய் இல்லை, ஒரு சைக்கிள் மணிச் சத்தம்கூட இல்லை...

பேய் என்றால் நடுராத்திரிதான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? நான் சொல்லப்போவது பட்டப்பகலில் நடந்தது. சித்திரை வெயிலில், தார் உருகிச் செருப்பில் ஒட்டிய நேரத்தில். சிரிக்காதே, தீர்த்தகிரி. சிரிப்பதாக இருந்தால் வெளியே மழையில் போய் நின்று சிரித்துவிட்டு வா.

கரண்டு எப்போது வருமோ தெரியாது. தக்காளி ஏற்ற வேண்டிய லாரியும் ராயக்கோட்டைக்கு அந்தப் பக்கம் நிற்கிறதாம். அதுவரை என் தையல்கடைதான் உங்களுக்குச் சத்திரம். ராணியம்மா, அந்தத் துணிமூட்டையில் சாய்ந்துகொள். கோவிந்தன் சும்மா இருந்திருக்கலாம். "ஏன் வெங்கடாசலண்ணா, ரேடியோவுல பேட்டரி செல்லு போட்டாச்சும் பாடவுடலாமில்ல? நாலு வருசமா துணி போத்தி வெச்சிருக்கறீங்களே?" என்று கேட்டான். கேட்டது அவன். இன்றைக்குத் தூக்கம் வரவில்லை என்றால் அவன் வீட்டுக் கதவைத் தட்டுங்கள், என் கதவைத் தட்டாதீர்கள்.

இது எனக்கு நடந்தது இல்லை. என் சிநேகிதன் மதலைமுத்து இருக்கிறானே, அவனுடைய சின்னம்மா மிக்கேலம்மாளுக்கு நடந்தது. நான் பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான்.

எண்பத்து ரெண்டாம் வருஷம். அப்போதெல்லாம் ரெண்டு மணி அடித்தால் இந்தக் கடையில் மெஷின் நின்றுவிடும். ரேடியோவில் தினமும் அந்த நேரத்துக்கு அரைமணி பழைய பாட்டு. அஞ்சு பாட்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால், அதைக் கேட்டுக் கார்டு போட்டவர்களின் ஊரும் பேரும் ஒரு அம்மா வாசிப்பாள். நல்ல குரல்... அவசரமே படாத குரல். பன்னிரண்டு பேர் இங்கே கூடிவிடுவோம். முதல் வாத்தியம் கேட்டதும் என்ன பாட்டு என்று யார் சொல்வது என்று ஒரே அடிதடி. மதலைமுத்து வயலினை ஒரு இழுப்பு இழுத்ததுமே சொல்லிவிடுவான். சோகப் பாட்டு வந்தால் எதிர்க்கடை குள்ளம்மாள் டீ அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து, வாசலில் நின்று மூக்கைச் சிந்துவாள். புருஷன் உயிரோடுதான் இருந்தான். எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

ஆனால் பாட்டைவிட எங்களுக்குப் பேர்தான் பெரிசு. எங்கள் ஆளின் பேர் வாசித்தால் விசில் பறக்கும். யார் பேர் வந்ததோ அவர் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும், அதுதான் சட்டம். ஒரு கார்டில் பத்துப் பேர் எழுதுவோம். வீட்டில் இருக்கிறவன், இல்லாதவன், யாரையும் கேட்கமாட்டோம். லாரி ஓட்டும் குப்புராஜ், பொண்டாட்டி வயிற்றில் இருந்த பிள்ளைக்கே பேர் வைத்து எழுதச் சொன்னான். வாசித்தும் விட்டார்கள். அப்புறம் பிறந்தது பெண்.

ஒரே ஊரிலிருந்து நிறையக் கார்டு போனால் ஒதுக்கிவிடுகிறார்கள் என்று எங்களுக்கு ஒரு சந்தேகம். அதனால் வேறு ஊர்ப் பேரைப் போட்டும் எழுதுவோம். குப்புராஜ் லோடு கொண்டு போகும்போது அந்த ஊர்த் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வருவான். போட்ட கார்டை வாசிக்க ரெண்டு மாசம் ஆகும், மூணு மாசமும் ஆகும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டு எழுதுகிறவன் எங்களில் ஒருத்தன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவன் பேர் இப்போது வேண்டாம்.

மிக்கேலம்மாளுக்குப் புருஷன் இல்லை. காட்டு வேலைக்குப் போவாள். ஒரே மகன் சவரி, பத்தொன்பது வயசு. பாட்டுப் பைத்தியம். கூலிக்காசு சேர்த்து ஒரு சின்ன டிரான்சிஸ்டர் வாங்கி வைத்திருந்தான். ஒரு நாள் ஆத்தாளுக்கு முடியாமல் போக, பண்ணைக்காரர் காட்டுக்கு அவன் தண்ணீர் கட்டப் போனான். ரெண்டு மணிக்குப் பாட்டு ஆரம்பித்தது. பையன் கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டான். வாய்க்கால் உடைந்து வெங்காயக் காடு முழுக்கத் தண்ணீர்... பண்ணைக்காரர் மிக்கேலம்மாளைக் கூப்பிட்டு வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் சொல்லியிருக்கிறார். அவள் அப்படியே நேராகக் கிணற்று மேட்டுக்குப் போனாள். மகன் மடியில் இருந்த ரேடியோவைப் பிடுங்கிக் கிணற்றில் வீசிவிட்டாள்.

ரேடியோ பாடிக்கொண்டே விழுந்ததாம். தண்ணீரில் விழுகிற வரைக்கும் பாட்டு கேட்டதாம்.

அவன் ராத்திரி சாப்பிடவில்லை. விடிந்து பார்த்தால் ஆள் இல்லை. ரேடியோ என்றாலே எரிந்து விழுந்தவள் அடுத்த வாரம் இந்த வாசலில் வந்து நின்றாள்.

"வெங்கடாசலம், இங்க ரெண்டு மணிக்குப் பாட்டு வெப்பீங்களாமே... நானும் இப்பிடி ஓரமா குந்திக்கட்டுமா?"

"உள்ள வாங்க சின்னம்மா."

"அவன் எங்க இருந்தாலும் இத கேக்காம இருக்கமாட்டாங்கண்ணு. அவன் கேக்கற நேரத்துல நானும் கேட்டுட்டுப் போறேன்."

அந்த இடத்தில்தான் உட்காருவாள். ராணியம்மா, நீ இப்போது உட்கார்ந்திருக்கிறாயே, அங்கேதான்... அட, எழுந்திருக்காதே, சும்மா சொன்னேன்.

பாட்டை அவள் கேட்டமாதிரியே தெரியாது. பேர் வாசிக்கும்போது மட்டும் முகத்தைத் தூக்குவாள். அவளுக்காகக் கார்டு போட்டோம். 'மாரண்டஹள்ளியிலிருந்து மிக்கேலம்மாள், தன் மகன் சவரிக்காக' என்று ஆறு தடவை வாசித்தார்கள். ஒவ்வொரு தடவையும் வாசித்த உடனே தலையைத் திருப்பி ரோட்டைப் பார்ப்பாள். கேட்ட நிமிஷமே வந்து நின்றுவிடுவான் என்பது போல. நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்ளமாட்டோம்.

அப்படி ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. கிறிஸ்துமஸ் வந்தது, போனது. தை மாசம் ஒரு நாள் பாட்டு முடிந்து எழுந்தவள், "நாளையிலருந்து நான் வரமாட்டேன். அவன் என்னை தலமுழுகிட்டான். நான் செத்தாலும் அவனத் தேடி சொல்லி அனுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆள் அப்போதே பாதி ஆகியிருந்தாள். களி கிளறுவதையே விட்டுவிட்டாள் என்று குள்ளம்மாள் சொன்னாள். எங்களுக்கு அன்றைக்குப் பாட்டும் ருசிக்கவில்லை, டீயும் ருசிக்கவில்லை.

சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து அந்த வேலையைச் செய்தோம். யாருக்கும் அது தப்பு என்று தோன்றவே இல்லை. எத்தனையோ பேரைக் கேட்காமல் எழுதியிருக்கிறோம், இதுவும் ஒரு பேர்தானே என்று நினைத்தோம். சவரியை ஓசூர்ப் பக்கம் யாரோ பார்த்ததாக ஒரு பேச்சு இருந்தது. அதனால் இப்படி எழுதினோம்: 'ஓசூரிலிருந்து சவரி, தன் அன்புத் தாயார் மிக்கேலம்மாளுக்காக விரும்பிக் கேட்கும் பாடல்.' குப்புராஜ் மறுநாளே ஓசூரில் போட்டுவிட்டான். தினமும் மிக்கேலம்மாளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைப்பது குள்ளம்மாள் வேலை.

சாம்பல் புதன் கழிந்த வாரம். குப்புராஜ் லாரியை எதிரே நிறுத்தினான். இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். நானும் மதலைமுத்துவும் போனோம்.

"ஓசூருல ஒரு கொத்தனார பாத்தங்கண்ணா. சவரி அவருகிட்டதான் சித்தாளா இருந்திருக்கறான். புதுக் கட்டடம். சிமெண்ட் சட்டிய தூக்கிட்டு மூணாவது மாடி ஏறயில சாரம் அவுந்துடுச்சாம்."

"அடிபட்டுடுச்சா?" என்றான் மதலைமுத்து.

"போயிட்டாண்ணா. கார்த்திகையிலயே போயிட்டான். ஊரு எதுன்னு ஒருத்தருக்கும் தெரியல, அங்கயே பொதைச்சிட்டாங்க. கையில ஒட்டுன சிமெண்ட கூட கழுவலயாம்..."

கார்த்திகையில் செத்திருக்கிறான். நாங்கள் கார்டு எழுதியது தையில். ரெண்டு மாசத்துக்கு முன்னால் மண்ணுக்குள் போனவன் பேரில் அவன் ஆத்தாளுக்குப் பாட்டுக் கேட்டிருக்கிறோம்.

சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மதலைமுத்துதான், "தவக்காலம் முடியட்டும். ஈஸ்டர் கழிச்சி நானே சொல்லிடறேன்" என்றான். சொந்தக்காரனே தள்ளிப்போட்டதும் எங்களுக்கெல்லாம் நிம்மதியாகிவிட்டது. கோழைப் பயல்கள் நாங்கள். அந்தக் கார்டு எங்காவது குப்பையில் போயிருக்கும் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

ஈஸ்டர் முடிந்து திங்கட்கிழமை. மூணாவது பாட்டு.

'ஓசூரிலிருந்து சவரி... தன் அன்புத் தாயார் மிக்கேலம்மாளுக்காக...'

ஒருத்தரும் கைதட்டவில்லை. மிக்கேலம்மாள் எழுந்து வந்து ரெண்டு கையாலும் ரேடியோவைத் தொட்டாள். பிள்ளை முகத்தைத் தொடுகிற மாதிரி. அப்புறம் எங்களைத் திரும்பிப் பார்த்து, "என் மவன் பேரு வந்திருக்குது. குள்ளம்மா, எல்லாத்துக்கும் டீ போடு. சட்டம் சட்டந்தான?" என்று சிரித்தாள். பன்னிரண்டு டம்ளர். அந்த டீயை முழுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மதலைமுத்து டம்ளரை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்பக்கம் போய்விட்டான். குள்ளம்மாள் காசு வாங்கமாட்டேன் என்றாள். மிக்கேலம்மாள் கட்டாயப்படுத்திக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். இதற்கப்புறம் எந்த வாயால் சொல்வது?

செவ்வாய்க்கிழமை. மறுபடியும் மூணாவது பாட்டு.

'கெலமங்கலத்திலிருந்து சவரி... தன் ஆத்தாவுக்காக.'

நாங்கள் கெலமங்கலத்தில் கார்டு போடவில்லை. சவரி பேரில் எழுதியதே ஒரு கார்டுதான். வாசித்துவிட்டு அந்த அம்மா காகிதத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் பாட்டு... அது முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. நடுவிலிருந்து ஆரம்பித்தது. ரெண்டாவது சரணத்தில், பாதி வார்த்தையிலிருந்து. என்ன பாட்டு என்று மதலைமுத்துகூடச் சொல்லவில்லை. மிக்கேலம்மாள்தான் எழுந்து நின்றாள்.

"இந்த எடத்துலதான் கெணத்துல வுழுந்துச்சி."

அவ்வளவுதான் சொன்னாள். முந்தானையைச் சரி செய்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். ரேடியோவுக்குப் பக்கத்தில் ஏதோ வாடை அடித்தது. மழை பெய்யவில்லை, யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை. ஈர சிமெண்ட் வாடை.

குப்புராஜைப் பிடித்து உலுக்கினோம். "என் பொண்ணு மேல சத்தியமா நான் போடலண்ணா" என்று அழுதான். அவன் போட்டிருந்தாலும் நேற்றுப் போட்ட கார்டு இன்றைக்கு எப்படி வரும்?

புதன்கிழமை ரெண்டு மணிக்குக் கடையில் ஐந்து பேர்தான் இருந்தோம். மற்றவர்கள் வரவில்லை.

'ராயக்கோட்டையிலிருந்து சவரி... தன் ஆத்தாவுக்காக.'

ஓசூர். கெலமங்கலம். ராயக்கோட்டை... ரயில் பாதையில் போனவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு ஸ்டேஷனாக வருகிறான். குள்ளம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள்.

சாயங்காலம் மிக்கேலம்மாள் தனியாக வந்தாள். தலை குளித்திருந்தாள். "ஒரு கார்டு எழுதணுங்கண்ணு. நான் சொல்றத அப்பிடியே எழுதணும். உன் அழகெல்லாம் சேக்கக்கூடாது" என்றாள். அவள் சொன்னது எனக்கு ஒரு எழுத்து மறக்கவில்லை.

"சவரி, ரேடியோவ கெணத்துல போட்டது ஆத்தா தப்பு. மனசுல வெச்சிக்காத. களி கிளறி வெச்சிருக்கறேன், வூட்டுக்கு வா."

எழுதி முடித்ததும் கட்டைவிரலை நீட்டினாள். "மை தடவு. கைநாட்டு வெச்சாதான் நாந்தான்னு அவனுக்குத் தெரியும்." பேனாவைத் திருகி ஊதா மையைத் தடவினேன். கார்டின் ஓரத்தில் அழுத்தி வைத்தாள். "இன்னிக்கே பொட்டியில போட்டுடு" என்றாள். சரி என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆமாம். அந்த முத்து முத்தான கையெழுத்து என்னுடையதுதான். 'அன்புத் தாயார்' என்று எழுதியது நான்தான். எனக்கு நடந்தது இல்லை என்று முதலில் சொன்னது பொய். நாலு வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னொன்றும் கேளுங்கள். அந்தக் கார்டை நான் பெட்டியில் போடவில்லை. செத்தவனுக்கு எதற்குக் கார்டு என்று பையிலேயே வைத்துக்கொண்டேன்.

ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. இனிமேலும் சொல்லாமல் இருந்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது. வியாழக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. தூக்குப்போசியில் களியோடு ஸ்டேஷன் ரோட்டில் போனாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஓடினேன். அந்த நேரத்தில் ரயிலும் கிடையாது.

ரோட்டோரத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். ரெண்டு வாழை இலையை எதிரும் புதிருமாகப் போட்டு, தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள்.

"சின்னம்மா, எழுந்திருங்க. வூட்டுக்குப் போலாம்."

"அடுத்தது நம்ம டேசன்தான கண்ணு? இன்னிக்கி வந்துருவான்."

நான் காலில் விழாத குறை. "சின்னம்மா... சவரி வரமாட்டானுங்க. திங்கக்கிழமை வந்த கார்டு நான் எழுதுனதுங்க. அவன் இல்லீங்க. கார்த்திகையிலயே..."

அவள் அழவில்லை. என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"திங்கக்கிழமை வந்தது அவன் இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். அவன் என்னைக்கி என்னை தாயாருன்னு கூப்ட்டான்? நீங்க பன்னெண்டு பேரும் என் மூஞ்சியவே பாத்துட்டிருந்தீங்க. பாவமா இருந்துச்சி. அதான் டீ வாங்கிக் குடுத்தேன்."

எங்களுக்காக... எங்கள் மனசு நோகக்கூடாது என்று சிரித்திருக்கிறாள்.

"செவ்வாக்கெழமையிலருந்து வர்றது அவந்தான். அது எனக்குத் தெரியாதா?"

"அவன் செத்துட்டானுங்க சின்னம்மா."

"உசுரோட இருந்தா ஒன்றர வருசம் ஆத்தாளப் பாக்காம இருப்பானா? செத்தா மட்டும் எம் மவன் இல்லைன்னு ஆயிடுமா? அவங்கிட்ட ஒரே ஒரு வார்த்த சொல்லணுங்கண்ணு. நேத்தே கார்டு போட்டுட்டயில்ல?"

அந்தக் கார்டு என் சட்டைப் பையில் இருந்தது. என் நெஞ்சுக்குமேலே இருந்தது.

"போட்டுட்டங்க" என்றேன்.

அப்போது பாட்டுக் கேட்டது. ஸ்டேஷன் ரோட்டில் அந்தப் பக்கம் வீடு கிடையாது, கடை கிடையாது. ரேடியோ எங்கிருந்து வரும்? முதலில் மெல்லிசாக... கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி. பிறகு கிட்டே. அந்த அம்மாவின் அவசரம் இல்லாத குரல்.

'மாரண்டஹள்ளியிலிருந்து... சவரி.'

யாருக்காக என்று சொல்லவில்லை. விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடர்ந்தது. ரோட்டில், வெயில் அலையடிக்கிற இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. செருப்புச் சத்தம் மட்டும். ரப்பர் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிற சத்தம்... சர்ர்... சர்ர்... ஒரு கால் சரியாக ஊன்றாதவன் நடை. ஈர சிமெண்ட் வாடை மூக்கை அடைத்தது. மிக்கேலம்மாள் தூக்குப்போசியைத் திறந்தாள்.

"வந்துட்டயா சாமி? பசிக்குதா?"

நான் ஓடிவிட்டேன். அந்தப் பொம்பளையைத் தனியாக விட்டுவிட்டு, செருப்பைக்கூட எடுக்காமல், உருகிய தாரில் வெறுங்காலோடு ஓடிவந்துவிட்டேன். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். அது ஆறிவிட்டது.

சாயங்காலம் மதலைமுத்துவோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனேன். மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தபடியே உயிர் போயிருந்தது. வெயில் தாங்கவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். இருக்கலாம். ரெண்டு இலையிலும் களி போட்டிருந்தாள். அவள் இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. எதிர் இலை வழித்துச் சாப்பிட்டு, மடித்து வைத்திருந்தது. அவள் முகத்தில் மட்டும் நிம்மதி இல்லை. கண் திறந்திருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தவள் மாதிரி இருந்தாள். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னாளா, சொல்வதற்குள் போய்விட்டாளா? இதுதான் என்னைத் தின்றது. கார்டையாவது போட்டிருக்கலாம். போடக்கூடாத கார்டைப் போட்டேன், போட வேண்டிய கார்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கல்லறையில் வைத்தோம். மத்தியானம் நானும் மதலைமுத்துவும் இங்கே வந்து உட்கார்ந்திருந்தோம். ரேடியோவை நான் போடவில்லை. அவனும் போடவில்லை. ரெண்டு மணிக்கு அது தானாகப் பேசியது.

'மாரண்டஹள்ளியிலிருந்து மிக்கேலம்மாள், தன் மகன் சவரிக்காக...'

அந்த அம்மாவின் குரல்தான். ஆனால் பேச்சு அவள் பேச்சு இல்லை.

'சவரி, ரேடியோவ கெணத்துல போட்டது ஆத்தா தப்பு. மனசுல வெச்சிக்காத. களி கிளறி வெச்சிருக்கறேன், வூட்டுக்கு வா.'

அப்புறம் அந்தப் பாட்டு... அன்றைக்குத்தான் முதலிலிருந்து கடைசி வரை பாடியது. முடிந்ததும் ரேடியோ நின்றுவிட்டது. மதலைமுத்து தேம்பித் தேம்பி அழுதான். நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். கார்டு உள்ளேதான் இருந்தது. எந்தப் பெட்டிக்கும் போகவில்லை, என் கையை விட்டு எங்கேயும் போகவில்லை. அன்றைக்கு ரேடியோவில் போர்த்திய துணிதான் இது. அதற்குப் பிறகு நான் யாருக்கும் கார்டு எழுதவில்லை.

நம்பவில்லையா, தீர்த்தகிரி? மெஷின் டிராயரில் ஊசி டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. எடு. கோவிந்தா, அரிக்கேன் விளக்கைக் கிட்டே கொண்டு வா. படி, என் கையெழுத்துதான். கீழே ஊதா ரேகை தெரிகிறதா? அது மிக்கேலம்மாள் கைநாட்டு.

அதை ஒட்டிப் பக்கத்திலேயே இன்னொரு கட்டைவிரல் ரேகை இருக்கிறதே, சாம்பல் நிறத்தில்... அது நான் எழுதும்போது இல்லை. வெள்ளிக்கிழமை பையிலிருந்து எடுத்தபோதுதான் பார்த்தேன்.

தொடாதே ராணியம்மா, விரலில் ஒட்டிக்கொள்ளும். நாலு வருஷம் ஆகிறது, இன்னும் ஈரம் காயவில்லை.